குறைந்த செலவில் பாகங்கள் மாட்டினால் ஸ்போர்ட்ஸ் காரின் பவர் நிஜமாகவே கூடுமா?

இரண்டாங்கை_86 எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதம் முன்பு ஒரு டொயோட்டா 86 வாங்கினேன். முதல் தலைமுறை வண்டி, 2.0 லிட்டர் பாக்ஸர் இன்ஜின், ஆறு கியர் மேனுவல். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. வளைவில் திரும்பும்போது இந்த வண்டி தரும் சுகத்துக்கு ஈடே இல்லை, அதில் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. மனசுக்குள் உறுத்துவது ஒன்றுதான். 3,500 ஆர்.பி.எம். தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்டது போல ஒரு சோர்வு வருகிறது. 4,800 வாக்கில் பிடியை விடுகிறார்கள், அப்புறம் 7,400 வரை பிய்த்துக்கொண்டு போகிறது.

டர்போ, சூப்பர்சார்ஜர் என்று பெரிய வேலை செய்ய இப்போதைக்குக் கையில் காசு இல்லை. அதனால் சின்னச் சின்னதாகச் சிலவற்றை ஆன்லைன் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். அலுமினியக் குழாயோடு வரும் கூம்பு ஃபில்டர் (15 ஹெச்.பி. வரை கூடுமாம்). ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் பழுது பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) செருகும் பவர் சிப் (35 சதவீதம் வரை). ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (12 வரை). த்ராட்டில் பாடி ஸ்பேசர், அதாவது காற்று போகும் வழியில் நடுவே செருகும் வளையம் (8 வரை). இன்டேக் குழாயில் மாட்டும் எலக்ட்ரிக் டர்போ (20 வரை). இரிடியம் பிளக் நான்கு (5 வரை).

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 200 குதிரை வண்டி 330 ஆகிவிடுகிறது! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் நூற்றுக்கணக்கான பேர் “வண்டி வேற மாதிரி ஆகிவிட்டது, முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது” என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேருமா பொய் சொல்வார்கள்? 330 வேண்டாம், அதில் கால்வாசி கிடைத்தாலும் போதும். இவற்றில் எது தேறும், எது தேறாது? மாட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

சத்தமே_சுகம் எழுதியது:

கூம்பு ஃபில்டர் மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. பவர் கூடியதா என்று கேட்டால் தெரியாது, கேட்காதீர்கள். 5,000 தாண்டும்போது வருகிற அந்த உறுமலுக்காகவே மாட்டினேன், அது கிடைத்தது. சத்தத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள் ப்ரோ. பவருக்காக என்றால் நோட்டுப்புத்தகம் அண்ணன் வருவார், அவரிடம் கணக்கே இருக்கிறது.

நோட்டுப்புத்தகம் எழுதியது:

கூப்பிட்டதால் வந்துவிட்டேன். தம்பி, உங்கள் கூடையில் இருக்கிற ஆறில் நான்கு என் வீட்டுப் பரணில் இருக்கிறது. என்னுடையதும் இதே 86 தான். ஆறு வருடமாக ஒவ்வொரு பாகத்தையும் மாட்டும் முன்பும் மாட்டிய பின்பும் அளந்து, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். டைனோவில் (சக்கரத்தை உருளைமேல் ஓட்டிப் பவரை அளக்கும் கருவி) ஏற்றியது நான்கு தடவை, மற்றதெல்லாம் ஓபிடி ரீடரும் ஜிபிஎஸ் கருவியும் வைத்து நானே பார்த்தது.

முதலில் அந்த 3,500 சோர்வைப் பற்றி. பயப்படாதீர்கள், அது உங்கள் வண்டிக்கு வந்த வியாதி இல்லை, பிறவிக் குணம். முதல் தலைமுறை 86, அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட் எல்லாவற்றிலும் டார்க் (சுழற்று விசை) கோடு அந்த இடத்தில் குழி விழுந்திருக்கும். வால்வுகள் திறந்து மூடும்போது இன்டேக்கிலும் எக்ஸாஸ்ட்டிலும் அழுத்த அலைகள் போய் வந்துகொண்டே இருக்கும். சரியான நேரத்தில் திரும்பி வந்தால் அவை சிலிண்டருக்குள் காற்றை ஊட்டும், தவறான நேரத்தில் வந்தால் தடுக்கும். இந்த இன்ஜினில் 4,000 வாக்கில் தவறான நேரத்தில் வருகின்றன. 2022 மாடலுக்கு இன்ஜினை 1,998 சிசியிலிருந்து 2,387 சிசி ஆக்கிய பிறகுதான் அந்தக் குழி தூர்ந்தது. புது வண்டியில் உச்ச டார்க்கே 3,700 ஆர்.பி.எம்.மில் வந்துவிடுகிறது. செய்த கம்பெனியே 400 சிசி சேர்த்துத் தூர்த்த குழியை ஒரு ஃபில்டர் தூர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இனி கூடைக்கு வருவோம். அதற்கு முன் விளம்பரத்தில் வரும் அந்த ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 15 வரை என்றால் அதில் பூஜ்ஜியமும் அடக்கம்.

சிப். இதுதான் நான் வாங்கிய முதல் சாமான், இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 200 கிலோமீட்டர் ஓட்டினால் உங்கள் ஓட்டும் பாணியை அது கற்றுக்கொள்ளும் என்று அட்டையில் போட்டிருந்தது. நானும் பொறுமையாக 200 ஓட்டினேன். பிறகு மேசை விளக்கின் கீழ் வைத்து, ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன பச்சை போர்டு, மூன்று எல்இடி, ஒரு பட்டன், ஒரு குட்டி ஐசி. ஓபிடி சாக்கெட்டில் மொத்தம் 16 பின். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமானால் கேன் இணைப்புக்கு 6, 14 ஆகிய இரண்டு பின்களும் வேண்டும். என் சிப்பில் அந்த இரண்டும் பெயருக்கு நீட்டிக்கொண்டிருந்தன, பின்பக்கம் ஈயம் கூட வைக்கவில்லை. கம்பி போனது 16க்கும் 4க்கும் மட்டும், அதாவது பேட்டரி ப்ளஸ், எர்த். விளக்கு எரியக் கரண்ட் வேண்டுமல்லவா, அதற்கு. என் ஓட்டும் பாணியை அது எந்தக் கண்ணால் பார்த்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

இன்னொரு வகை சிப் உண்டு. காற்று வெப்பநிலை சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகுவார்கள். அந்த சென்சாரில் வெப்பம் குறையக் குறைய மின்தடை கூடும். நாமே ஒரு தடையைச் செருகினால் ‘வெளியே நல்ல குளிர்’ என்று இன்ஜின் கம்ப்யூட்டர் நம்பிவிடும். குளிர்ந்த காற்று உள்ளே வந்தால் பவர் கூடும் என்பது உண்மை. குளிர் என்று பொய் சொன்னால் பவர் ஏறாது.

கூம்பு ஃபில்டர் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கிற பாகம் இது. கம்பெனி பேப்பர் ஃபில்டர் காற்றை ரொம்பத் தடுக்கிறது என்பது பலருடைய எண்ணம். சுத்தமான பேப்பர் ஃபில்டர் இந்த அளவு இன்ஜினுக்குப் பெரிய தடையே இல்லை. அடைத்துப்போனதை மாற்றினால் வித்தியாசம் தெரியும், அது வேறு கதை. கம்பெனிப் பெட்டியின் பெரிய நன்மை, அதன் மூக்கு ரேடியேட்டருக்கு முன்னால் போய் வெளிக்காற்றை எடுக்கிறது. திறந்த கூம்பு பானெட்டுக்குள் சுற்றுகிற காற்றை எடுக்கிறது. என் நோட்டில் அன்றைய பக்கத்தில் இருப்பது: வெளியே 31 டிகிரி, ஐந்து நிமிடம் சிக்னலும் நெரிசலுமாக நின்றபின் கம்பெனிப் பெட்டியில் உள்ளே போகும் காற்று 43 டிகிரி, கூம்பில் 64. வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கும், ஆனால் கூம்பில் நிதானமாகத்தான் இறங்கும். நாம் மிதிப்பது அந்தச் சூட்டோடு சிக்னலிலிருந்து கிளம்பும்போது. டைனோவில் இதையே பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் ஆளுயர மின்விசிறியைப் போட்டு அளக்கிறார்கள். அப்போது கூம்புக்குக் குளிர்காற்று கிடைக்கிறது, நாலு குதிரை கூடியதாகத் தாளில் வருகிறது. நாம் என்ன பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டா ஓட்டுகிறோம்?

சரி, அந்த நாலு குதிரையாவது நிஜமா? பாதி நிஜம். இந்த வண்டியில் உள்ளே போகும் காற்றை அளக்கிற மாஃப் சென்சார் அந்தக் குழாயில்தான் உட்கார்ந்திருக்கிறது. குழாயின் உள்விட்டம் இவ்வளவு என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. விட்டம் 5 சதவீதம் பெரிதானால் பரப்பு 10 சதவீதம் பெரிதாகும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகப் படிக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். சாதாரணமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துத் திருத்திக்கொள்ளும். என் வண்டியில் நீண்டகாலத் திருத்தம் 12 சதவீதம் கூட்டிக் காட்டியது. முழு மிதியில் அந்தத் திருத்தத்தை அப்படியே நம்பிக்கொண்டிருக்க முடியாது. கம்பெனிக்காரன் பாதுகாப்புக்காகப் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பான். அது குறைந்தால் இரண்டு மூன்று குதிரை கூடவும் செய்யும். ஆனால் இது 12.5க்கு 1 கம்ப்ரெஷன் இன்ஜின். அந்தக் கூடுதல் பெட்ரோல் நாக்கிங் (சிலிண்டருக்குள் நேரம் தவறி வெடிப்பது) வராமல் காக்கிற காவல்காரன். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிச் சம்பளத்தை மிச்சம் பிடித்த கதைதான் இது.

எலக்ட்ரிக் டர்போவுக்கு ஒரு கூட்டல் கழித்தல் போதும். 2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்குச் சுமார் 100 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதை வெறும் 0.35 பார் அழுத்தத்துக்கு ஏற்ற ஆறேழு கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 500 ஆம்பியருக்கு மேல். நிஜமான எலக்ட்ரிக் கம்ப்ரெஸ்ஸர் இருக்கிறது, 2016இல் ஆடி எஸ்க்யூ7 டீசலில் வந்தது. 7 கிலோவாட், அதற்கென்றே 48 வோல்ட் மின்சுற்று. உங்கள் கூடையில் இருப்பதன் வயர் தடிமனைப் படத்தில் பாருங்கள், செல்போன் சார்ஜர் வயர் போல இருக்கும். இன்ஜின் இழுக்கிற வேகத்துக்கு அந்த விசிறி ஈடுகொடுக்காது, குழாய்க்கு நடுவே தடையாகத்தான் நிற்கும். இறக்கை உடைந்தால் உள்ளேதான் போகும்.

ஸ்பேசரால் ஒன்றும் ஆகாது. பிளக்கைப் பொறுத்தவரை, இந்த வண்டியில் கம்பெனி போட்டதே இரிடியம். இருப்பதையே மறுபடி வாங்குகிறீர்கள், அதுவும் பாக்ஸர் இன்ஜினில் பிளக் கழற்றுவது முழங்கையைச் சிராய்த்துக்கொள்ளும் வேலை. கிலோமீட்டர் வந்திருந்தால் மாற்றுங்கள், பவருக்காக வேண்டாம். சைலன்சர் மாற்றினால் இரண்டு மூன்று குதிரை வரலாம், வராமலும் போகலாம். எடை குறைவானதாகக் கிடைத்தால் அது லாபம்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். அத்தனை பேருமா பொய் சொல்கிறார்கள்? இல்லை, அவர்களுக்கு நிஜமாகவே அப்படித் தோன்றியிருக்கும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக உடம்பு நம்பும். பாகம் மாட்ட பேட்டரியைக் கழற்றினால், பழைய மட்டமான பெட்ரோலுக்காகப் பின்வாங்கி வைத்திருந்த இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விடும் நேரம்) மறந்துபோய், வண்டி சில நாள் சுறுசுறுப்பாக ஓடும். பெடல் பூஸ்டர் என்று ஒன்று விற்கிறார்கள், அது கால்வாசி மிதித்ததை அரைவாசி மிதித்ததாக மொழிபெயர்த்துச் சொல்லும், அவ்வளவுதான். முழுசாக மிதித்தால் மாட்டிய வண்டியும் மாட்டாத வண்டியும் ஒன்றே.

என் நோட்டில் நான் சிவப்பு மையால் கட்டம் கட்டி வைத்திருப்பது ஐந்து குதிரை கணக்கு. 200இல் 5 என்பது இரண்டரை சதவீதம். உங்கள் பெட்ரோல் டேங்க் 50 லிட்டர். நிரம்பியிருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் எடை வித்தியாசம் 37 கிலோ, ஓட்டுநரோடு சேர்த்த வண்டி எடையில் அது இரண்டே முக்கால் சதவீதம். காலை 20 டிகிரிக்கும் மதியம் 35 டிகிரிக்கும் உள்ள பவர் வித்தியாசம், டைனோக்காரர்கள் போடுகிற எஸ்ஏஇ (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) திருத்தக் கணக்குப்படி, ஏறக்குறைய மூன்று சதவீதம். ஆக, ஒரு நல்ல ஃபில்டர் தரக்கூடிய அதிகபட்ச லாபமும், காலையில் டேங்க் குறைவாக வைத்துக் கிளம்பினால் கிடைக்கும் லாபத்தில் பாதியும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் ஃபில்டர் மாட்டி மாலையில் “வித்தியாசம் தெரிகிறது” என்று சொல்கிறவர் எதை உணர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

அப்படியானால் எதுவுமே வேலை செய்யாதா? செய்யும், ஆனால் தனித்தனியாகச் செய்யாது. 1999இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா 320 குதிரை என்று விளம்பரம் செய்து வந்தது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றினால் எண் குறைந்தது. கடைசியில் கம்பெனி விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்தது. என்ன மாற்றினார்கள் தெரியுமா? இன்டேக் மேனிஃபோல்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) பின்னால் உள்ள எக்ஸாஸ்ட், அவற்றுக்கேற்பக் கம்ப்யூட்டர். மூன்றையும் சேர்த்து மாற்றினார்கள். காற்று வருகிற வழி, போகிற வழி, இரண்டையும் தெரிந்துகொண்ட கம்ப்யூட்டர், இது ஒரு குடும்பம்.

நம் வண்டியிலும் அப்படித்தான். குழியை ஓரளவு தூர்க்கிற ஒரே போல்ட்-ஆன் பாகம் ஹெடர் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்த் தொகுப்பு), அதுவும் கூடவே கம்ப்யூட்டரையும் ட்யூன் செய்தால். என் வண்டியில் உச்ச பவர் கூடியது 11 குதிரை, சக்கரத்தில் அளந்தது. அதைவிட 4,000 ஆர்.பி.எம்.மில் வந்த வித்தியாசம்தான் பெரிது. ஒரு எச்சரிக்கை: முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நம் ஹெடருக்குள்ளேயே இருக்கிறது. விலை குறைவாக வருகிற ஹெடர்களில் பெரும்பாலும் அது இருக்காது. மாட்டினால் இன்ஜின் விளக்கு எரியும், புகைப் பரிசோதனையில் நிற்காது, நாற்றம் தனி. கன்வெர்ட்டரோடு வருகிற ஹெடர் என்றால் அது சின்னச் செலவு இல்லை.

எனவே எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். மூன்றாம் கியரில் 60லிருந்து 100 வரை, நடுவில் கியர் மாற்றாமல். நம் வண்டியில் அது ஏறக்குறைய 3,200லிருந்து 5,400 ஆர்.பி.எம்., குழி முழுவதும் அதற்குள் வந்துவிடும். ட்ராக்கிலோ ஆளில்லாத தனியார் சாலையிலோ செய்யுங்கள், பொதுச் சாலையில் வேண்டாம். போன் ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தடவைதான் பார்க்கும், அது உதவாது. நொடிக்கு 10 தடவை பார்க்கிற கருவி யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஒரு திசையில் ஐந்து, எதிர்த்திசையில் ஐந்து.

டர்போ_தாசன் எழுதியது:

அண்ணே, எல்லாம் சரி, ஆனால் ‘சின்னச் செலவில் பவர் வராது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. என்னுடையது 2.0 டர்போ. மடிக்கணினியைச் செருகி முக்கால் மணி நேரத்தில் ரீமேப் செய்தார்கள் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது), ஒரு நட்டு கூடக் கழற்றவில்லை. அதே டைனோவில் முன்னும் பின்னும் ஓட்டினோம், சக்கரத்தில் 48 குதிரை கூடியது. கொடுத்த காசுக்கு இதைவிட மலிவான பவர் உலகத்தில் கிடையாது. எனவே கேள்வி பாகம் மலிவா என்பதில் இல்லை, உங்களிடம் டர்போ இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

நோட்டுப்புத்தகம் எழுதியது:

டர்போ_தாசன், நீங்கள் சொல்வது சரி, நான் 86ஐ மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன். டர்போ வண்டியில் எவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. மட்டமான பெட்ரோல், கொளுத்தும் வெயில், மலையேற்றம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கம்பெனி கொஞ்சம் இடம்விட்டு வைத்திருக்கும், ரீமேப் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வரும் புகைக்குழாய்) மாற்றினாலும் டர்போவில்தான் பலன் அதிகம். டர்போ இல்லாத இன்ஜினில் காற்றை வளிமண்டலம்தான் தள்ளுகிறது, அதை ரீமேப் செய்ய முடியாது. ஹோண்டா எஸ்2000ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 1999இலேயே 2 லிட்டரில் 250 பிஎஸ், 9,000 ஆர்.பி.எம். வரை சுற்றும். கம்பெனியே கரும்பைப் பிழிவதுபோலப் பிழிந்துவிட்ட இன்ஜின், சக்கையில் நாம் என்ன எடுக்கப்போகிறோம்?

ஆனால் 48 குதிரைக்கான பில் இன்னும் முழுசாக வரவில்லை. கிளட்ச் எப்படி இருக்கிறது?

டர்போ_தாசன் எழுதியது:

ஐந்தாம் கியரில் லேசாக வழுக்குகிறது. அந்தப் பேச்சை இங்கே எடுக்காதீர்கள் அண்ணே.

இரண்டாங்கை_86 எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. கூடையைக் காலி செய்துவிட்டேன், ஒரு பொருளைத் தவிர, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நோட்டுப்புத்தகம் அண்ணன் சொன்னபடி ஒரு ட்ராக் தினத்தில் அளந்தேன். ஜிபிஎஸ் கருவி நண்பனுடையது. முதல் பத்து ஓட்டத்தின் சராசரி 5.58 நொடி. மிகக் குறைவு 5.47, மிக அதிகம் 5.71. அதே இடத்தில், அதே மாடல் வண்டி வைத்திருந்த இன்னொருவர் எடுத்தது 5.3. அவர் வண்டியில் எதுவும் மாட்டவில்லை. பவர் கூட்ட வந்தவனுக்கு, இருக்கிற பவரே முழுசாக வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார், தொடவில்லை. பின் இடது சக்கரத்திடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். ஜாக் வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம். மற்றது இரண்டு மூன்று சுற்று சுற்றுகிறது, அது அரைச் சுற்றில் நின்றுவிடுகிறது. பிரேக் காலிப்பர் (பேடை வட்டில் அழுத்தும் பாகம்) நகர்வதற்கான ஸ்லைடு பின் இரண்டும் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. பேட் ஒரு பக்கம் பாதி, ஒரு பக்கம் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் லேசாக பிரேக் பிடித்துக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேன்!

பின்களை எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவி, பின் சக்கரம் இரண்டுக்கும் புது பேட் போட்டேன். அடுத்த ட்ராக் தினத்தில் சராசரி 5.34.

அதன்பிறகும் மனசு கேட்கவில்லை. சத்தமே_சுகம் மாட்டியிருக்கிறாரே, அதே வகை கூம்பு ஒன்றை இரவல் வாங்கி, அன்றைக்கே, அதே பெட்ரோல் அளவில் மாட்டி ஓட்டினேன். முதல் தடவை மிதித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அப்படி ஒரு உறுமல். இது கண்டிப்பாக 5.2க்குள் வரும் என்று பக்கத்தில் நின்றவரிடம் பந்தயமே கட்டினேன். பத்து ஓட்டத்தின் சராசரி 5.36. பந்தயத்தில் தோற்றேன். எதிர்த்திசையில் காற்று லேசாக வீசியது, இரண்டுக்கும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

3,500 சோர்வு அப்படியே இருக்கிறது. அது வரும்போது இப்போதெல்லாம் ஒரு கியர் இறக்கிவிடுகிறேன். ஹெடருக்கும் ட்யூனுக்கும் காசு சேர்க்க ஒரு வருடம் ஆகும்.

கூடையில் மிச்சம் வைத்தது அந்தக் கூம்பு ஃபில்டர்தான். 5.36 என்று தெரிந்தேதான் வாங்கப்போகிறேன், யாரும் திட்டாதீர்கள்.

சத்தமே_சுகம் எழுதியது:

நம்ம கட்சிக்கு வருக வருக.

நோட்டுப்புத்தகம் எழுதியது:

திட்டவில்லை. மாஃப் சென்சார் உட்காரும் இடத்தில் கம்பெனிக் குழாயின் உள்விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்து, அதே அளவு உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள். கூம்பைச் சுற்றி ஒரு தகர மறைப்பு கட்டுங்கள். எண்ணெய் போடுகிற பஞ்சு ஃபில்டர் என்றால் எண்ணெயை அளவாகப் போடுங்கள், கூடினால் சென்சார் கம்பியில் போய் ஒட்டும். மாட்டிய பிறகு ஒரு வாரம் பெட்ரோல் திருத்தம் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள், 8க்கு மேல் போனால் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் முன் காலிப்பர் இரண்டையும் கழற்றிப் பார்த்தீர்களா? பின் சக்கரங்களைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாங்கை_86 எழுதியது:

பார்க்கவில்லை அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன்.